படிப்பு, வேலை, தற்செயல்: நெல்லைப் பக்கத்துப் பெற்றோரும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

மே மாதம் ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் வரை எங்கள் பள்ளியில் மேற்படிப்பு விசாரிக்க வருகிறவர்களின் கூட்டம் ஓயாது. முக்கூடல், வீரவநல்லூர், களக்காடு, மானூர் என்று நாலாபக்கமிருந்தும் வருவார்கள். கட் ஆஃப், கல்லூரி, ஹாஸ்டல் என்று தொடங்கும் பேச்சு கடைசியில் “எல்லாம் அமையணும்லா சார்” என்பதில் வந்து நிற்கும். எதெல்லாம் தானாக அமைகிறது, எதை நாம் அமைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் கேட்டவற்றையும், என்னால் சொல்ல முடிந்த பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

தற்செயல்னு எதைச் சொல்லுதிய? விதியையா?

விதி என்றால் முன்பே எழுதி வைத்தது. அதில் நமக்கு வேலை ஒன்றும் கிடையாது. நான் சொல்வது வேறு. யாரும் திட்டமிடாத ஒரு சந்திப்போ சம்பவமோ ஒருவரின் படிப்பையும் வேலையையும் திருப்பிவிடுகிறதே, அது.

ஒரு கிராமத்துப் பள்ளிக்கு நல்ல கணக்கு ஆசிரியர் ஒருவர் மாற்றலாகி வருகிறார். அதுவரை கணக்கென்றால் வயிற்றைக் கலக்கும் என்றிருந்த பிள்ளைகளில் இரண்டு பேர் பி.எஸ்ஸி. கணிதத்தில் சேருகிறார்கள். அவருடைய மாற்றல் உத்தரவுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்னொரு பையன் வள்ளியூரில் பஸ்ஸைத் தவறவிடுகிறான். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பக்கத்தில் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்துத்தான் காற்றாலைப் பராமரிப்பு என்று ஒரு வேலை இருப்பதே அவனுக்குத் தெரிகிறது. பணகுடி, இராதாபுரம் பக்கம் பிறந்ததிலிருந்து காற்றாடிகளைப் பார்த்து வளர்ந்தவன்தான். அதன் மேலே ஏறி வேலை பார்க்க ஆள் வேண்டும், அதற்குப் படிப்பு உண்டு, சம்பளம் உண்டு என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை.

இதை யாராவது முறையா ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா, இல்லை சும்மா பேச்சா?

பண்ணியிருக்கிறார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1982-இல் தற்செயல் சந்திப்புகள் வாழ்க்கைப் பாதையை எப்படி மாற்றுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் உளவியலுக்கு வந்த கதையே அப்படித்தான். கனடாவில் படிக்கும்போது, அதிகாலையில் கல்லூரிக்குக் கிளம்பும் நண்பர்களோடு சேர்ந்து போக வேண்டியிருந்தது. அந்தக் காலை நேரத்தை நிரப்ப ஏதாவது ஒரு வகுப்பு வேண்டும் என்று தேடியபோது கிடைத்தது உளவியல். அமெரிக்காவில் ஜான் கிரம்போல்ட்ஸ் என்பவர் 1999-இல் இரண்டு பேரோடு சேர்ந்து, தற்செயலைப் பயன்படுத்திக்கொள்வதையே ஒரு திறமையாகக் கற்றுக்கொடுக்கலாம் என்று எழுதினார். அவரும் கல்லூரியில் பாடம் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் முழித்து, தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் யோசனை கேட்டவர்தான். பயிற்சியாளர் உளவியல் பேராசிரியராகவும் இருந்ததால் இவரும் உளவியலுக்குப் போனார்.

எண்ணிக்கை வேண்டுமென்றால் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். ஜிம் பிரைட்டும் ராபர்ட் பிரையரும் தங்கள் குழுவோடு 772 மாணவர்களிடம் கேட்டு 2005-இல் வெளியிட்டார்கள். எதிர்பாராத நிகழ்வு ஒன்று தங்கள் படிப்பு, வேலை முடிவைப் பாதித்தது என்று சொன்னவர்கள் 69.1 சதவீதம். நம் ஊரில் இப்படிக் கேட்டால் இதைவிடக் குறையாது என்பது என் ஊகம். ஒன்றை மட்டும் மனதில் வைக்க வேண்டும். இது மாணவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னது. வெற்றி பெற்றவன் “என் உழைப்பு” என்பான், தோற்றவன் “என் நேரம்” என்பான். அந்த வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு.

பதினொண்ணாம் வகுப்பில் கேட்ட குரூப் கிடைக்கலை. இனி அவ்வளவுதானா?

நான் பார்த்தவரை நம் பக்கத்தில் தற்செயல் மிக அதிகமாக விளையாடும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சேர்க்கை நாளன்று ஒரு பள்ளி அலுவலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மேசை மேல் கோடு போட்ட நீள நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு குரூப். முதல் குரூப்புக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கும் பெயர்கள் மளமளவென்று ஏறும். காலையிலேயே வந்த அப்பா கேட்டதை வாங்கிப் போவார். நாற்று நடவு நாள் என்று மத்தியானம் வந்த அப்பாவிடம், “இதில்தான் இடம் இருக்கு, போடட்டா?” என்று பேனாவை நோட்டில் வைத்தபடியே கேட்பார்கள். அவர் மகளைப் பார்ப்பார், மகள் தரையைப் பார்ப்பாள். “சரி, போடுங்க.” இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இதைவிட மோசம், பக்கத்துப் பள்ளியில் எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அந்தக் குரூப் மட்டும் இருப்பது. உயிரியல் ஆசிரியர் இல்லாத ஊரில் டாக்டர் ஆசை முளைக்கும்போதே பட்டுப்போகிறது.

சரி, கதவு எவ்வளவு தூரம் அடைபடுகிறது? கணிதம் இல்லாமல் பொறியியல் கடினம். உயிரியல் இல்லாமல் மருத்துவமும் சித்த மருத்துவமும் கிடையாது. இந்த இரண்டையும் மறைத்துப் பேசிப் பயனில்லை. இவற்றுக்கு வெளியே நிறைய வழிகள் திறந்தே இருக்கின்றன. ஐந்தாண்டு சட்டப் படிப்புக்கு எந்தக் குரூப்பும் போதும், நம் திருநெல்வேலியிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. தொழிற்கல்விப் பிரிவில் படித்தவர்களுக்குப் பொறியியல் கவுன்சிலிங்கில் தனி ஒதுக்கீடு உண்டு. பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் டிப்ளமா படித்தவர்கள் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் டிப்ளமா இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு. பேட்டை ஐ.டி.ஐ.யில் தொடங்கி இப்படி ஒவ்வொரு படியாக ஏறிப் பொறியாளராக வர வழி இருக்கிறது. அந்த வழி இருப்பது தெரியாதவர்கள்தான் அதிகம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாவது போதும், குரூப் 2-க்கு ஏதாவது ஒரு பட்டம். அங்கே வந்து பிளஸ் ஒன்னில் என்ன குரூப் என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை.

பத்தாவது படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சேர்க்கை நாளன்று காலை முதல் ஆளாகப் போங்கள். அன்றைக்கு ஒரு நாள் நடவு காத்திருக்கும்.

பொறியியல் கவுன்சிலிங்கில் ரேண்டம் நம்பர்னு ஒண்ணு போடுதாங்களே, அது குலுக்கல் சீட்டா?

கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி பத்து இலக்க எண் ஒன்று தரும். 200-க்குக் கணக்கிடும் கட் ஆஃபில் இரண்டு பேர் சமமாக வந்தால், முதலில் கணித மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், பிறகு இயற்பியல். அப்புறம் மற்றப் பாடம், பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மதிப்பெண், பிறந்த தேதி என்று போகும். அத்தனையும் ஒன்றாக இருந்தால் மட்டும்தான் எண் பெரிதாக உள்ளவருக்கு முன்னுரிமை. நடைமுறையில் வெகு சிலருக்கே அது வேலைக்கு வரும். அந்த எண்ணின் கூட்டுத்தொகை எட்டு வருகிறது என்று ஒரு அம்மா அழுதுகொண்டு வந்தார். கூட்டுத்தொகையை யாரும் பார்ப்பதில்லை அம்மா.

உண்மையான குலுக்கல் வேறு இடத்தில் நடக்கிறது. கல்லூரி விருப்பப் பட்டியலில் ஏழெட்டுப் பெயரைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள் பாருங்கள், அங்கே. எத்தனை விருப்பம் வேண்டுமானாலும் பதியலாம். உங்கள் முறை வரும்போது பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கணினி தரும். நீளமாகப் போட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. எது வேண்டும் என்ற வரிசை மட்டும் சரியாக இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர் தம்பி அவசரத்தில் வரிசையை மாற்றிப் போட்டு, அது தெரியாமலே நாலு வருடம் படித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. பட்டியலை இறுதியாகப் பூட்டுவதற்கு முன்னால், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

ஜாதகத்தில் இவனுக்கு மெக்கானிக்கல்தான்னு இருக்காம். என்ன செய்ய?

பையனிடம் கேட்டீர்களா? அவனும் மெக்கானிக்கல் என்றால் சேர்த்துவிடுங்கள், ஜோசியருக்கும் மரியாதை. அவன் வேறு சொன்னால், கட்டிக்கொண்டு நாலு வருடம் படிக்கப் போகிறவன் அவன்.

பாரதியார் மாதிரிப் பெரிய ஆட்கள் வாழ்க்கையிலும் தற்செயல் இருந்திருக்கா?

அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் அரசஞ்சண்முகனார் என்ற தமிழாசிரியர் விடுப்பில் போனார். அந்த இடத்துக்குத் தற்காலிகமாக எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதி வந்தார். மூன்று மாதம்தான். அதற்குள் சுதேசமித்திரன் பத்திரிகை ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரின் கண்ணில் பட்டு, நவம்பரில் சென்னைக்கு உதவி ஆசிரியராகப் போய்விட்டார். ஒருவருடைய விடுப்பு இன்னொருவரைப் பத்திரிகைக்காரர் ஆக்கியது. விடுப்பு இல்லாவிட்டாலும் அவர் கவிதை எழுதியிருப்பார், அதில் சந்தேகமில்லை. பத்திரிகைக்கு எப்போது, எந்த வழியாகப் போயிருப்பார் என்பதைத்தான் சொல்ல முடியாது. ஆங்கிலத் தந்திச் செய்தியைச் சட்டென்று தமிழாக்கக் கூடிய ஆள் சுப்பிரமணிய ஐயருக்குத் தேவைப்பட்டார். காசியில் இருந்த வருடங்களில் பாரதி படித்த மொழிகள் அங்கே கைகொடுத்தன.

ஆனால் மேடையில் பெரிய ஆட்களின் கதையை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை உசுப்பேற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதே போல் தற்காலிக வேலைக்குப் போய், மூன்று மாதம் கழித்துச் சும்மா ஊர் திரும்பியவர்களைப் பற்றி நாம் எங்கேயும் படிப்பதில்லை.

என் மகள் நன்னாத்தான் படிக்கா. ஆனா அவளுக்கு மட்டும் ஒரு வாய்ப்பும் வரலியே?

இதைக் கேட்டவர் ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் ஒரு தாய். எனக்கு மிக முக்கியமாகப் படும் கேள்வி இது.

தற்செயல் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. பாளையங்கோட்டையில் ஒரு பிள்ளை டியூஷன் போகும் வழியிலேயே நாலு கல்லூரி வாசல் இருக்கும். 1878-இல் வந்த தூய யோவான் கல்லூரி, 1895-இல் வந்த சாராள் தக்கர், 1923-இல் வந்த தூய சவேரியார், 1964-இல் வந்த அரசு சித்த மருத்துவக் கல்லூரி. பக்கத்து வீட்டில் ஒரு பேராசிரியர், மாடியில் ஒரு வங்கி ஊழியர் குடியிருப்பார். அந்தப் பிள்ளை ஒன்றும் செய்யாமலே காதில் ஆயிரம் செய்தி விழும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் காணிப் பழங்குடியினர் குடியிருப்பில் வளரும் பிள்ளைக்கு அப்படி ஒரு செய்தி விழ ஒரு பயணமே தேவைப்படும். இரண்டு பேருக்கும் மூளை ஒன்றுதான்.

அதிலும் பெண் பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. பையன்கள் டீக்கடையில் நிற்கிறார்கள், வொர்க்‌ஷாப்பில் வேடிக்கை பார்க்கிறார்கள், கோயில் கொடைத் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்து வந்த அண்ணன்மாரோடு ராத்திரி முழுக்கப் பேசுகிறார்கள். வேலையைப் பற்றிய பாதித் தகவல் இப்படி வெட்டியாகச் சுற்றும்போதுதான் கிடைக்கிறது. பெண் பிள்ளை பள்ளி விட்டதும் வீடு. வந்ததும் அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுக்க வேண்டும். தட்டு மடியில், கத்தரி கையில், கண் டிவியில். இவள் வீட்டுத் திண்ணையைத் தேடி எந்தத் தற்செயலும் நடந்து வராது.

ஆனால் அந்தத் தாயிடமே ஒரு வாய்ப்பு இருந்தது. பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்களின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை உண்டு. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். படிப்பைப் பொறுத்து வருடத்துக்கு 1,000 ரூபாய் முதல் 25,000 ரூபாய் வரை. அட்டை வீட்டில் ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கிடந்தது. விஷயமோ அவருக்குத் தெரியவே தெரியாது. பீடிக் கடையில் சரக்கு ஒப்படைக்க வரிசையில் நிற்கும்போது முன்னால் நின்ற பெண் தன் மகனுக்குப் பணம் வந்ததைச் சொல்லப் போய்த்தான் தெரிந்தது. முந்தின வாரம் போயிருந்தால் வேறு யாரோ முன்னால் நின்றிருப்பார்கள். இப்படி ஒரு தகவல் வரிசையில் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் கிடைக்கிறது என்றால் அது பள்ளிகளின் குறை. நாங்கள்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. பணம் சின்னது என்று சிலர் சொல்கிறார்கள். வீட்டில் “எதுக்கு அனுப்பணும்?” என்ற பேச்சு வரும்போது அந்த ஆயிரம் எவ்வளவு பெரிய பதில் என்று எனக்குத் தெரியும். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-இலிருந்து பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ஒரு சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கல்லூரி வாசல் வரை போய் வாருங்கள். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை. வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் “என்ன படிக்கம்மா?” என்று கேளுங்கள்.

சொந்தக்காரங்க பேச்சைக் கேட்கலாமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க.

கேட்கலாம், ஆனால் யாரிடம் என்பது முக்கியம். மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1970-களில், தெரிந்தவர்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் “அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?” என்று விசாரித்தார். அடிக்கடி பார்ப்பவர் என்று சொன்னவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்ற எல்லாருக்கும் எப்போதாவது, அபூர்வமாகப் பார்க்கும் ஆட்கள் மூலமே தகவல் வந்திருந்தது. காரணம் எளிது. கூடவே இருக்கும் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை கல்யாண வீட்டில் பார்க்கும் ஒண்ணுவிட்ட மதினியின் தம்பிக்கு வேறு உலகம் தெரியும்.

நம் சனம் இதை ஆய்வு இல்லாமலே நடத்திக் காட்டியிருக்கிறது. சென்னையில் தெருவுக்குத் தெரு அண்ணாச்சி கடை எப்படி வந்தது? முதலில் போனவர் ஊர்ப் பையனைக் கூப்பிட்டார், அவன் அடுத்தவனைக் கூப்பிட்டான். இதில் ஒரு சங்கடமும் உண்டு. எல்லாருக்கும் ஒரே வாசல்தான் தெரியும் என்பதால் வரைபடம் போடுவதில் கெட்டிக்காரனாக இருந்த பையனும் பருப்பு நிறுக்கத்தான் போனான்.

வெள்ளம், நோய், சாவு மாதிரி கெட்ட தற்செயல் வந்தா?

2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது சின்ன விஷயம். புத்தகம், சான்றிதழ் எல்லாம் சேறாகிப் போனவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாம் வகுப்புக்கு 50, பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ உள் மதிப்பீட்டுக்கு 30 சதவீதம் என்று கணக்கிட்டு மதிப்பெண் போட்டார்கள். பத்தாவதில் அசட்டையாக இருந்து பிளஸ் டூவில் முக்கிப் படித்த பிள்ளைகளுக்கு அது பெரிய அடி.

இதற்கெல்லாம் முன்கூட்டியே செய்யக் கூடியது கொஞ்சம்தான். சான்றிதழ்களை அரசின் இணையப் பெட்டகமான டிஜிலாக்கரில் ஏற்றுங்கள், அசலை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண் மேல் வையுங்கள். பிளஸ் டூவில் தவறியவர்களுக்கு அந்த வருடமே துணைத் தேர்வு உண்டு, அதை எழுதி அதே வருடம் கல்லூரியில் சேர்கிறவர்கள் நிறைய. அப்பா தவறிப்போய்ப் படிப்பை நிறுத்த வேண்டி வந்தால், டி.சி. வாங்கும் முன் தலைமையாசிரியரிடம் ஒரு தடவை பேசுங்கள். வெட்கத்தில் சொல்லாமல் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். சொல்லியிருந்தால் கட்டணத்துக்காவது ஒரு வழி பார்த்திருக்கலாம்.

எல்லாமே தற்செயல்னா திட்டம் போட்டு என்ன புண்ணியம்?

திட்டம் வேண்டும், பென்சிலில் வேண்டும். மகேந்திரகிரியில் ராக்கெட் என்ஜின் சோதனை நடக்கிறது, கூடங்குளத்தில் அணு உலை ஓடுகிறது, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் மென்பொருள் நிறுவனம் இருக்கிறது, கங்கைகொண்டானில் சோலார் தகடு செய்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை இன்றைய பெற்றோர் பத்தாவது படித்தபோது இந்த அளவில் இல்லை. அன்றைக்கு இங்க்கில் எழுதிய திட்டத்தில் இவற்றுக்கு இடம் இருந்திருக்காது.

கிரம்போல்ட்ஸ் ஐந்து குணங்களைச் சொன்னார். ஆர்வம், விடாப்பிடி, வளைந்துகொடுப்பது, நம்பிக்கை, துணிச்சல். கேட்க நன்றாக இருக்கிறது. துணிச்சல் என்ற ஒன்றில் மட்டும் நான் கொஞ்சம் தயங்குவேன். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் வீட்டுப் பிள்ளையிடம் “ரிஸ்க் எடு” என்று சொல்வது எளிது, எடுத்துத் தவறினால் வட்டி கட்டப் போவது அவன் அப்பா. அப்படிப்பட்ட வீட்டுக்குச் சின்னத் துணிச்சல்தான் சரி. லீவில் பதினைந்து நாள் ஒரு பட்டறையில், ஒரு லேபில், ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் சும்மா போய் நின்று பார்ப்பது. பிடிக்கவில்லை என்றால் போனது பதினைந்து நாள்.

தெரியாத்தனமா ஒரு கோர்ஸில் சேர்ந்துட்டேன். பிடிக்கலை. விட்டுரவா?

தம்பி, முதலில் எது பிடிக்கவில்லை என்று பார். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் பாடம் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். விசாரித்தால் பாடம் இல்லை, இங்கிலீஷ். ஆசிரியர் சொல்வதில் பாதி காதுக்குள் போகவில்லை, பக்கத்துப் பையன் தலையாட்டுகிறான், நமக்குத்தான் புரியவில்லை என்று கூசிப்போய் உட்கார்ந்திருப்பார்கள். தலையாட்டுகிறவனுக்கும் புரிந்திருக்காது. இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஒரு வருடத்தில் தணிந்துவிடும். ஹாஸ்டல் சாப்பாடு, ஊர் ஏக்கம் இதெல்லாமும் கோர்ஸின் மேல் பழியாக வந்து விழும்.

இரண்டாம் செமஸ்டர் முடிந்தும் அந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலே வெறுப்பு வருகிறது என்றால் மாறு, தப்பில்லை. ஆனால் அடுத்த இடம் உறுதியாகிற வரை இந்த இடத்தை விடாதே. அசல் சான்றிதழைத் திரும்ப வாங்குவதில் இழுத்தடிக்கும் இடங்கள் உண்டு, அதையும் யோசித்துக்கொள்.

ஆசிரியர்கள் இதில் என்ன செய்ய முடியும்?

பிள்ளைகளுக்குத் தற்செயலைக் கூட்டிக் கொடுக்கலாம். பழைய மாணவர்களை அழைக்கும்போது கலெக்டரையும் டாக்டரையும் மட்டும் அழைக்காதீர்கள். மின்வாரிய லைன்மேன், ரத்தப் பரிசோதனை லேப் டெக்னீஷியன், வி.ஏ.ஓ., கப்பலில் சமையல் பார்ப்பவர் என்று கலந்து வரட்டும். மேடைப் பேச்சு வேண்டாம், மரத்தடியில் உட்கார வைத்துப் பேசவிடுங்கள். “சம்பளம் எவ்வளவு? லீவு தருவாங்களா?” என்று பிள்ளைகள் கேட்கத்தான் செய்யும், கேட்கட்டும். சுற்றுலா என்றால் எப்போதும் கன்னியாகுமரிதானா? கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழியைப் பார்த்துவிட்டுத் தொல்லியல் என்று ஒரு படிப்பு உண்டா என்று கேட்கும் பிள்ளை நாற்பதில் ஒன்று இருக்கும். அந்த ஒன்றுக்காகத்தான் பஸ் பிடிக்கிறோம். நான் முதல்வன் திட்டத்தில் தகவல் நிறைய வருகிறது, ஆனால் சுற்றறிக்கையாக வந்து பீரோவுக்குள் போய்விடுகிறது. அதை வகுப்பில் வாசித்துச் சொல்ல ஒரு பீரியட் ஒதுக்கினாலே போதும்.

திடீர்னு ஒரு வாய்ப்பு வந்திருக்கு, வெளிநாட்டு வேலை. உடனே பணம் கட்டணும்கிறாங்க. நம்பலாமா?

அவசரப்படுத்தும் வாய்ப்பை முதலில் சந்தேகப்படுங்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லிக் கம்போடியாவுக்கும் மியான்மருக்கும் கூட்டிப் போய் இணைய மோசடியில் தள்ளிய செய்திகள் 2022-இலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன, சிக்கியவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. அனுப்புகிறவர் பதிவு பெற்ற முகவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். பதிவு எண் இருக்கும், செல்லுபடியாகும் தேதி இருக்கும். பதிவு பெற்றவர்கள் வாங்கக் கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் லட்சக்கணக்கில் கேட்டாலோ, ரசீது தர மறுத்தாலோ, வேலை விசா இல்லாமல் சுற்றுலா விசாவில் போகச் சொன்னாலோ வேண்டாம். பாஸ்போர்ட்டை யாரிடமும் அசலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சொல்கிறவர் ஒண்ணுவிட்ட மதினியின் தம்பியாகவே இருந்தாலும் இந்த விசாரிப்பை முடித்துவிட்டு அப்புறம் பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.